சத்தம் போடாத பூனை

பூமாவுக்கு இரண்டு வேலை. மன்னார்புரத்தில் ஒரு இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பது ஒன்று. பயப்படுவது இன்னொன்று. முதல் வேலை சாயங்காலத்தோடு முடிந்துவிடும். இரண்டாவதில் ஞாயிற்றுக்கிழமைகூட லீவு கிடையாது. தூங்கும்போதும் ஒரு காதைத் திறந்து வைத்துக்கொண்டுதான் தூங்குவாள். பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் தென்னை மட்டை விழுந்தால் இவள் இங்கே எழுந்து உட்கார்ந்துவிடுவாள்.

பயம் முழுக்கத் தம்பி ஜகன்னாத்தைப் பற்றியது. அவனுக்கு நாற்பது வயது நெருங்குகிறது. சின்ன வயதிலிருந்தே வலிப்பு. மாத்திரையால் அடங்கி இருக்கிறதே தவிரப் போய்த் தொலையவில்லை. சில மாதம் தலையே காட்டாது. இனிமேல் வராது என்று மனசு லேசாகத் துணியும் நேரம் பார்த்து, காப்பி டம்ளரைக் கையில் எடுத்தவன் அப்படியே சரிந்துவிடுவான்.

ஸ்ரீரங்கத்தில் அடையவளஞ்சான் தெருவை ஒட்டிய ஒரு சந்தில், மாடிப் போர்ஷனில் அக்காவும் தம்பியும் மட்டும் இருந்தார்கள். அந்த வீட்டைப் பூமாவின் பயம்தான் கட்டியது என்று சொல்லலாம். கண்ணாடி டம்ளர் கிடையாது, எல்லாம் எவர்சில்வர். மேஜை முனைகளில் பழைய வேஷ்டித் துணியைச் சுற்றிக் கட்டியிருந்தாள். குளியலறைக்கு உள்தாழ்ப்பாள் கிடையாது. காலையில் தளிகை முடித்ததும் கேஸ் சிலிண்டரை மூடி, ரெகுலேட்டரைக் கழற்றித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போவாள். காவிரியில் தண்ணீர் ஓடினால் ஊரே அம்மா மண்டபப் படித்துறைக்குக் குளிக்கப் போகும். ஜகன்னாத் மட்டும் வீட்டில் வாளித் தண்ணீரில் குளிப்பான். அவன் எதற்கும் மறுப்பு சொன்னதில்லை. ஒரு அச்சகத்துக்காகக் கல்யாணப் பத்திரிகைகளைக் கம்ப்யூட்டரில் அமைத்துக் கொடுத்துக்கொண்டு, வாசலைத் தாண்டாமல் ஊரில் உள்ள கல்யாணத்தையெல்லாம் நடத்தி வைத்துக்கொண்டிருந்தான்.

இந்த விஷயம் வெளியே யாருக்கும் தெரியாது. தெரியக் கூடாது என்பது அப்பா போட்டுவிட்டுப் போன சட்டம். ஜகன்னாத் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒருமுறை விழுந்துவிட்டான். சுற்றிக் கூட்டம். யாரோ சாவிக்கொத்தை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார்கள். இரும்பு பட்டால் நின்றுவிடும் என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் அதைவிடப் பெரிய சாவியாகத் தேடினார். உதறுகிற கையைப் பிடித்து அழுத்தியதில் சாவியின் பல் உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. வேடிக்கை பார்த்தவர்களில் தெருக்காரர்களும் இருந்தார்கள். பையனைத் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த அப்பா கதவைச் சாத்தினார். "இனிமே இது வெளியில தெரியப்படாது" என்றார். அந்தக் கதவு பிறகு சரியாகத் திறக்கவே இல்லை. பூமாவுக்குக் கல்யாணப் பேச்சு வந்தபோது ஒரு வரன் எப்படியோ மோப்பம் பிடித்து நழுவினான். அதோடு அவளும் அந்தப் பேச்சை விட்டுவிட்டாள்.

இதில் ஒரு வசதி இருந்தது. யாரையும் வீட்டுக்குள் விடாதது, யார் வீட்டுக்கும் போகாதது எல்லாவற்றுக்கும் தெருவே ஒரு காரணம் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டது. மடி ஆசாரம் ஜாஸ்தி, ஒட்ட மாட்டார்கள் என்று பேசிக்கொண்டார்கள். கீழ்ப் போர்ஷனில் ரவிக்கை தைக்கும் வெள்ளையம்மாள் குடிவந்த புதிதில் ஒருமுறை மாங்காய் கொண்டுவந்தாள். பூமா கதவை ஒரு கை அகலம் மட்டும் திறந்து வாங்கிக்கொண்டாள். வெள்ளையம்மாள் அதற்கப்புறம் படியேறவில்லை. தன்னைத் தாழ்வாக நினைத்துத்தான் கதவைத் திறக்கவில்லை என்று அவள் நினைத்திருப்பாள் என்பது பூமாவுக்குத் தெரியும். அது உள்ளே உறுத்தியது. ஆனாலும் மறுக்கவில்லை. உண்மையைவிட அந்தக் கெட்ட பெயர் பத்திரமாக இருந்தது.

இப்படிப்பட்ட வீட்டில்தான் ஜகன்னாத் ஒருநாள், சாத்தமுது சாதம் பிசைந்துகொண்டே, "அக்கா, ஒரு பூனை வளக்கலாமா?" என்றான்.

பூமா கரண்டியைக் கீழே வைத்தாள். பூனை காலுக்குள் நுழையும், இவன் தடுக்கி விழுவான். இவன் உதறும்போது மிரண்டு முகத்தைப் பிராண்டும். திடீரென்று கத்தும், அந்த அதிர்ச்சியிலேயே இவனுக்கு வந்துவிடும். ஒரு நிமிடத்துக்குள் அவள் மனசு பூனையை வைத்து அவனைப் பல தடவை கொன்றுவிட்டது.

"எதுக்குடா இப்ப?"

"பகல் பூரா ஆத்துல யாரும் இல்லைக்கா. பேச ஒரு ஜீவன் வேணும்போல இருக்கு."

அவன் எதுவும் கேட்கிறவனே அல்ல. அதனால் தில்லை நகரில் வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் கேட்டாள், முடியாது என்று அவர் சொல்லிவிட்டால் நல்லது என்கிற எண்ணத்தில். அவரோ, "தாராளமா வளக்கலாம். உங்க வீட்டு நெலமைக்கு ஏத்த குணமுள்ளதாப் பாத்து எடுங்க, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். வீட்டுக்கு ஏற்ற பூனை என்றால் எப்படிப்பட்டது என்று பூமா பஸ்ஸில் வரும்போதெல்லாம் யோசித்தாள். கத்தக் கூடாது. ஓடக் கூடாது. குதிக்கக் கூடாது. பயந்து பயந்து யோசித்ததில் அவளுக்குக் கிடைத்தது ஏறக்குறைய ஒரு பொம்மை.

ஆபீசில் பக்கத்து மேஜை நல்லதம்பிக்கு முசிறியில் வீடு. வயல் உண்டு, வாழை உண்டு, எலிக்காக வளர்க்கும் பூனைகளும் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூமா அங்கே போய்ச் சேர்ந்தாள். நல்லதம்பியின் மனைவி ராக்கம்மாள் மோர் கொடுத்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"வீட்ல யாரு யாரு இருக்கீங்க? அது தெரிஞ்சாத்தான் எதைக் குடுக்கலாம்னு சொல்ல முடியும்."

"நானும் என் தம்பியும்தாங்க. அவன் வீட்டிலிருந்தே வேலை பாக்கறான்."

"அவருக்கு எப்படிப் பொழுது போவுது? கூட்டாளிங்க வந்து போவாங்களா?"

"அதெல்லாம் வருவா." இந்தப் பொய் வெகு சுலபமாக வந்தது. பழக்கதோஷம்.

"அப்ப இவனைக் கொண்டு போங்க" என்று ராக்கம்மாள் ஒரு செம்பட்டைக் கடுவன் பூனையைக் காட்டினாள். அது அதற்குள் மூன்று பேர் காலையும் சுற்றிவந்து, பூமாவின் செருப்பில் ஏறி நின்று, தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது. "மைக்செட்டுன்னு கூப்பிடுவோம். பால் அஞ்சு நிமிசம் லேட்டானா தெருவுக்கே சொல்லிப்புடுவான். மனுசங்கன்னா உசுரு. வீடு கலகலன்னு இருக்கும்."

பூமா அந்தச் சத்தத்துக்குக் காலை இழுத்துக்கொண்டாள். அவள் கண் வைக்கோல் போர் ஓரமாகப் போனது. அங்கே சாம்பல் நிறத்தில் ஒரு பெண் பூனை அசையாமல் உட்கார்ந்திருந்தது. பூமா போய் அதன் பிடரியைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். கால்களைத் தொங்கவிட்டுக்கொண்டு, கண்ணைக்கூடச் சிமிட்டாமல் அது கையில் கிடந்தது.

அப்பா ஞாபகம் வந்துவிட்டது. தென்கலை வீட்டில் பிறந்த பிள்ளைகளுக்குப் பூனைக்குட்டியைத் தெரியும் முன்னாலேயே அதன் தத்துவம் தெரிந்துவிடும். குரங்குக்குட்டி தாயைத் தானாக இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். பூனைக்குட்டி ஒன்றும் செய்ய வேண்டாம். தாய் கவ்விக்கொண்டு போகும். பெருமாளிடம் நாம் அப்படித்தான் கிடக்க வேண்டும் என்று அப்பா மடியில் உட்கார வைத்துச் சொன்ன பாடம். இதோ சரணாகதியே நாலு காலோடு தொங்குகிறது என்று பூமா உருகிப்போனாள். பயத்தில் விறைத்துப்போன ஜீவனும் அப்படித்தான் தொங்கும் என்பது அப்பா சொன்ன பாடத்தில் இல்லை.

"அது வேணாம்மா" என்றாள் ராக்கம்மாள். "அது எதுக்கும் குரல் குடுக்காது. போன மழைக்குக் கூரை மேல மாட்டிக்கிச்சு. ராத்திரி பூரா நனைஞ்சுக்கிட்டு உக்காந்திருக்கு, ஒரு சத்தம் இல்ல. காலையிலதான் பாத்தோம்."

"இதுதாங்க எங்காத்துக்குச் சரி" என்றாள் பூமா.

ஜகன்னாத் அதற்குப் பட்டு என்று பேர் வைத்தான். முதலில் சில நாள் பீரோவுக்கு அடியிலேயே கிடந்தது. பிறகு அவன் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து உட்காரப் பழகியது. பசித்தாலும் கத்தாது, தட்டுக்கு முன்னால் போய் உட்காரும். கதவிடுக்கில் ஒருமுறை வால் நசுங்கியபோதும் வாயைத் திறந்ததே தவிரச் சத்தம் வரவில்லை. கீழே வெள்ளையம்மாளுக்கு மாடியில் பூனை வந்ததே தெரியாது. பூமாவுக்கு உள்ளூரப் பெருமை. வாழ்க்கையில் முதல்முறையாகத் தான் எடுத்த முடிவு ஒன்று சரியாக அமைந்துவிட்டது என்று நினைத்தாள்.

அந்த நினைப்பு ஆடி மாதம் வரை தாங்கியது.

ஆபீசில் சாப்பிட உட்காரும் முன் வீட்டுக்கு போன் செய்வது அவள் வழக்கம். மணி இரண்டு முறை அடிப்பதற்குள் எடுத்துவிடுவான். அன்றைக்கு அடித்து ஓய்ந்தது. குளிக்கிறானாக்கும் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டாள். மறுபடி அடித்தாள். தூங்குகிறானாக்கும். மறுபடி. டிபன் டப்பாவைத் திறக்காமலே தள்ளி வைத்தாள்.

யாரையாவது கூப்பிட்டுப் போய்ப் பார்க்கச் சொல்லலாம் என்று போனில் பெயர்களைத் தள்ளிப் பார்த்தாள். கேஸ் ஏஜென்சி இருந்தது. டாக்டர் இருந்தார். நல்லதம்பி இருந்தார், எதிரிலேயே சாப்பிட்டுக்கொண்டு. படிக்குக் கீழே, பத்தடிக்குள் நாளெல்லாம் உட்கார்ந்திருக்கும் வெள்ளையம்மாளின் நம்பர் இல்லை. அவள் வாங்கியதே இல்லை. ஊர் முழுக்க ஜனம் இருக்க, ஸ்ரீரங்கத்தில் தனக்கு ஒரு ஆள்கூட இல்லை என்பது அந்த நிமிஷத்தில்தான் பூமாவுக்கு உறைத்தது. இதுவரை பட்ட பயமெல்லாம் ஒன்றுமில்லை என்று தோன்றியது.

ஆட்டோ பிடித்தாள். காவிரிப் பாலத்தில் வண்டிகள் ஊர்ந்தன. ஆடித் தண்ணீர் இரண்டு கரையும் தொட்டு ஓடியது, ஜனங்கள் பாலத்தில் வண்டியை நிறுத்திப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். எல்லாரையும் பிடித்துத் தள்ள வேண்டும்போல் அவளுக்கு ஆத்திரம் வந்தது. தூரத்தில் ராஜகோபுரம் தெரிந்தது. "ரங்கா, மூச்சு மட்டும் இருக்கட்டும். வேற ஒண்ணும் கேக்கலை" என்று முணுமுணுத்தாள். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் சந்து பொந்தெல்லாம் புகுந்து ஓட்டினார்.

வீட்டில் எல்லாம் வழக்கம்போல் இருந்தது. அதுதான் பயங்கரமாக இருந்தது. வெள்ளையம்மாளின் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன மாமி, இன்னிக்குச் சீக்கிரமா?"

"தலைவலிங்க" என்றாள் பூமா. அந்த நேரத்திலும் அதுதான் வாயில் வந்தது.

படியேறிச் சாவியைப் போட்டாள். கதவு திறந்ததும் முதலில் தெரிந்தது பூனை. தரையில் முன்னங்கால்களை ஒடுக்கிக்கொண்டு, கண்களை அகல விரித்து உட்கார்ந்திருந்தது. அதற்கு அந்தப் பக்கம் மேஜைக்கும் சுவருக்கும் நடுவில் ஜகன்னாத் கிடந்தான். முகவாய் கிழிந்து ரத்தம் தரையில் உறைந்திருந்தது. ஒரு தோள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. பூமா பக்கத்தில் விழுந்து மூக்கருகே விரலை வைத்தாள். மூச்சு இருந்தது. கண்ணும் திறந்திருந்தது.

"வந்துட்டியாக்கா" என்றான்.

"எப்படா? எப்ப வந்தது?"

"நீ கிளம்பின கொஞ்ச நேரத்துக்கெல்லாம்."

காலையிலிருந்து அப்படியே கிடந்திருக்கிறான். தோள் நழுவியதில் புரளக்கூட முடியவில்லை. போன் மேஜை மேல் அடித்துக்கொண்டே இருந்தது, எட்டவில்லை. வேஷ்டி நனைந்திருந்தது. பட்டு அவன் தலைமாட்டை விட்டு நகரவே இல்லையாம். ஒரு சத்தமும் போடாமல் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது.

"கீழ மெஷின் ஓடற சத்தம் கேட்டுண்டே இருந்ததுக்கா" என்றான்.

"கூப்ட்டிருக்கலாமேடா. குரல் வரலையா?"

"வந்தது." அவன் கொஞ்சம் யோசித்தான். குற்றம் சொல்கிற முகம் இல்லை அது. "யாருக்கும் தெரியப்படாதுன்னு சொல்லியிருக்கியே. அதான் கூப்பிடலை."

பூமா நனைந்த வேஷ்டியை மாற்றினாள். வலிப்பைக் கண்டுதான் இத்தனை வருஷம் பயந்தாள். அன்றைக்கு முதல்முறையாகத் தன்னைக் கண்டே அவளுக்குப் பயமாக இருந்தது.

தில்லை நகர் ஆஸ்பத்திரியில் தோளை ஏற்றிக் கட்டினார்கள், முகவாயில் தையல் போட்டார்கள். படியிறங்கும்போது பார்த்துவிட்ட வெள்ளையம்மாளிடம், "வழுக்கி விழுந்துட்டான்" என்று சொல்லியிருந்தாள். அதுதான் அவள் சொன்ன கடைசிப் பொய்.

தையல் பிரிக்கும் வரை லீவு போட்டு வீட்டில் இருந்தாள். ஜகன்னாத் தூங்கும்போது பட்டுவையே பார்த்துக்கொண்டிருப்பாள். பாவம், அதன் மேல் கோபப்பட ஒன்றும் இல்லை. அதை எடுத்துவந்தது இவள். தன் சாயலைத் தேடி எடுத்து வந்திருக்கிறாள்.

தையல் பிரித்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, மூடி போட்ட காலிக் கூடையோடு முசிறிக்குப் போனாள். ராக்கம்மாள் அதிசயமாகப் பார்த்தாள். மோர் வரும் வரைகூடப் பூமா பொறுக்கவில்லை. "அன்னிக்கு எங்காத்துல யாரு யாரு இருக்கான்னு கேட்டேளே, நான் சரியாச் சொல்லலை" என்று ஆரம்பித்தாள். ஒன்றையும் மறைக்காமல் சொல்லி முடித்தாள். ராக்கம்மாள் எழுந்து, வாழைத்தோப்புப் பக்கம் போய் மைக்செட்டைத் தூக்கிவந்து கூடைக்குள் விட்டு மூடியைக் கட்டினாள்.

"சாம்பல் பூனையையும் நீங்களே வச்சுக்கங்க. ரெண்டும் ஒண்ணா வளந்ததுங்க" என்றாள்.

முசிறியிலிருந்து மாம்பழச்சாலை நிறுத்தத்தில் இறங்கும் வரை மைக்செட்டு வாயை மூடவில்லை. பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கண்டக்டர், "அவருக்கும் டிக்கெட் வாங்கிட்டீங்களாம்மா? கேட்டுக்கிட்டே வராரு" என்றார். யாரும் தன்னைத் திரும்பிப் பார்க்காமல் வாழ்ந்து பழகிய பூமாவுக்குக் காதெல்லாம் சுட்டது. மடியில் கூடை குதித்தது. மூடியைத் துணியால் போர்த்தினால் சத்தம் குறையும் என்று கை போனது. அப்புறம் துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தவள் படியேறவில்லை. வெள்ளையம்மாளின் கதவுக்கு முன்னால் நின்றாள். இந்தப் பெண் முகம் சுளித்தால்? வீட்டுக்காரருக்குச் சொல்லிவிட்டால்? தெருவெல்லாம் பேசினால்? ஓடிவிடலாம் என்றுகூட நினைத்தாள். ஆனால் கையில் இருந்தது ஓடி ஒளிய விடுகிற பூனை இல்லை. உள்ளே மெஷின் நின்றது. வெள்ளையம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"என்ன மாமி, பூனையா? இந்தக் கத்து கத்துது."

"ஆமாம். இனிமே மாடியிலதான் இருக்கும்." பூமா கூடையைக் கீழே வைத்தாள். "வெள்ளையம்மா, என் தம்பிக்கு வலிப்பு வரும். அன்னிக்கு அவன் வழுக்கி விழலை."

வெள்ளையம்மாள் கழுத்தில் தொங்கிய அளவு டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அன்னிக்கு நான் இங்கதான் மாமி இருந்தேன்" என்றாள் வெள்ளையம்மாள். "பூரா நேரமும் இங்கதான் தச்சுக்கிட்டிருந்தேன். ஒரு வார்த்தை தெரிஞ்சிருந்தா..."

"தெரியவிடலை. நான்தான்."

கூடைக்குள்ளிருந்து மைக்செட்டு இரண்டு பேரையும் அதட்டியது.

"இது சும்மாவே கத்தும்" என்றாள் பூமா. "அதுக்கெல்லாம் வர வேண்டாம். ஆனா விடாம கத்தினா, இல்லை மேல ஏதாவது விழற சத்தம் கேட்டா, ஏறி வந்து பாருங்கோ. கதவைத் தட்டிண்டு நிக்க வேண்டாம்."

கைப்பையைத் துழாவி, அன்று காலையில் கடைத்தெருவில் வெட்டி வாங்கிய புதுச் சாவியை எடுத்து நீட்டினாள். வெள்ளையம்மாள் இரண்டு கையாலும் வாங்கி, அதைப் பார்த்தாள்.

"அந்த நேரத்துல இதை அவரு கையில குடுத்து அழுத்திப் பிடிக்கச் சொல்லணும், அதானே மாமி? எங்க பக்கமும் அப்படித்தான் செய்வாங்க."

பூமாவுக்குச் சத்திரம் பஸ் ஸ்டாண்டும், தம்பியின் கிழிந்த உள்ளங்கையும் கண்ணுக்கு முன்னால் வந்துபோயின.

"வேண்டாம்மா. அவன் கையில ஒண்ணும் குடுக்காதீங்கோ. ஒருக்களிச்சுப் படுக்க வச்சுட்டுப் பக்கத்துல இருந்தாப் போறும்" என்றாள். "சாவி கதவைத் திறக்கத்தான்."